நெளிந்த தூக்கு, நாலு கரண்டி

அத்தியாயம் 17

"நாளைக்கு மூணு மணிக்குள்ள லிஸ்ட் என் கைக்கு வந்தாகணும்" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனது நேற்று. இன்று காலை ஏழு மணிக்குக் கரண்டியம்மா சமையல்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோதும் அந்த வார்த்தை அவள் காதைவிட்டு இறங்கவில்லை.

வாரா வாரம் படிக்கிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். இன்றுதான் இந்த வீட்டு வாசலுக்குள் கால் வைத்தவர்களுக்காக நாலு வரி.

ஊரைத் தாங்கிக்கொண்டிருந்த மூன்று டயர் தொழிற்சாலைகளும் ஒரே மாதத்தில் அடுத்தடுத்து இழுத்து மூடப்பட்டன. வேலை போனவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று அரசாங்கம் வட்டத்துக்கு ஓர் இலவசச் சமையல்கூடம் திறந்தது. இந்த வட்டத்துக்குக் கிடைத்த இடம், பஸ்கள் நின்றுபோய்ப் பத்து வருஷமான பழைய பஸ் நிலையம். தொழிற்சாலை கேன்டீனில் இருபது வருஷம் கரண்டி பிடித்தவள் என்பதால் பொறுப்பு நம் கரண்டியம்மா தலையில் வந்து விழுந்தது. அவள் புருஷன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது மனைவியிடம் அடுப்புப் பற்றவைக்கிறார். "முதலாளி மாறியாச்சு, திட்டு மட்டும் மாறல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அவளுடைய அண்ணன் ஆளுங்கட்சிக் கவுன்சிலர். மறுபடியும் நிற்கிறார், தேர்தலுக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது.

அண்ணன் கேட்கிற லிஸ்ட்டில் சூட்சுமம் ஒன்றும் கிடையாது. எட்டு மாதமாக இங்கே சாப்பாடு வாங்கிப்போனவர்கள் யார் யார், எந்தத் தெரு, அவ்வளவுதான். ஆனால் அதை எழுதிக்கொடுத்தால் ஒரு பெயரையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். அந்தப் பெயரை அண்ணன் படிக்கப்போகிறாரே என்பதுதான் கரண்டியம்மாவின் கவலை.

"என்னங்க, மூணாவது அடுப்பு ஏன் இப்படி இருமுது?" என்று கேட்டாள்.

"நேத்து நீ போட்ட சத்தத்துல அதுக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்றார் ஃபிட்டர்.

மற்ற நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்று பருப்பைக் கழுவிக்கொண்டே வாசலைப் பார்த்தாள்.

எட்டரைக்கு அண்ணன் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் புத்தம் புது நோட்டு. வந்தவர் உட்காரவில்லை. சுவர் அலமாரியிலிருந்து சமையல்கூடத்து ரெஜிஸ்டரை அவரே எடுத்துப் பிரித்தார். முதல் பக்கம், பத்தாவது பக்கம், ஐம்பதாவது பக்கம் என்று புரட்டிக்கொண்டே போனார். புரட்டப் புரட்ட அவர் முகம் கோணிக்கொண்டு போனது.

"என்னம்மா இது?"

"ரெஜிஸ்டர்."

"அது தெரியுது. பேருங்கிற கட்டத்துல என்ன எழுதியிருக்கே? 'நெளிந்த தூக்கு, நாலு கரண்டி'?"

"நெளிஞ்ச தூக்கு வந்துச்சு. நாலு கரண்டி போட்டேன்."

"'மூடி இல்லாத டிபன் பாக்ஸ், மூணு.' 'காது உடைந்த சட்டி, ஆறு.' 'நீலக் கூஜா, ரெண்டு.' ஊர்ப் பாத்திரம் பூரா இருக்கு. ஒரு மனுஷன் பேரு இல்லியே."

"எனக்கு முகம் தெரியாதுண்ணே. பாத்திரம்தான் தெரியும். முதல் நாள் அந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியாம பாத்திரத்தை எழுதி வெச்சேன். அதிகாரி வந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டுட்டுப் போனார். சரி, இதுதான் முறைபோலன்னு நானும் அப்படியே எழுதிட்டேன்."

"எட்டு மாசமாவா?"

"எட்டு மாசமா கையெழுத்தும் போட்டிருக்காங்க, பாரு."

அடுப்புப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் குரல் கொடுத்தார். "மச்சான், தூக்குக்கும் சட்டிக்கும் ஓட்டு உண்டுன்னா சொல்லுங்க. இந்த வட்டம் நம்ம கையிலதான்."

"நீங்க சும்மா இருங்க மச்சான்" என்றார் கவுன்சிலர். மைத்துனர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிரியமும் அதில்தான், கோபமும் அதில்தான்.

கரண்டியம்மா சொன்னது பொய்யில்லை. பரிமாறுகிற இடம் பழைய டிக்கெட் ஜன்னல். உள்ளே ஆள் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பதற்காகத் தாழ்வாக வைத்தது. கீழே அரைவட்டமாக ஒரு வாய். அதற்கு மேலே கண்ணாடி. என்றைக்கோ அதன்மேல் பச்சைப் பெயின்ட் அடித்துப் பஸ் புறப்படும் நேரம் எழுதியிருந்தார்கள். வெளியே நிற்பவரின் முகம் உள்ளே தெரியாது. ஒரு பாத்திரம் வரும், அதைப் பிடித்த கை வரும். நிரப்பிக் கொடுத்தால் இரண்டும் போய்விடும்.

திறந்த புதிதில் அதிகாரிகள் அதை இடித்துவிட்டுப் பெரிய கவுன்டர் கட்டித்தருவதாகச் சொன்னார்கள். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தவள் அவள்தான். முதல் நாள் ஜன்னலுக்குள் வந்த முதல் கை, பாத்திரத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தது. கேன்டீனில் 'இன்னொரு கரண்டி போட்டா குறைஞ்சா போயிடுவே' என்று அதட்டி வாங்கிச் சாப்பிட்ட கை அது. அதைப் பார்த்த அன்றைக்கே, இந்த ஜன்னலில் யாரையும் 'நீ யார்' என்று கேட்பதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அதிலும் ஒரு கை. இடது மணிக்கட்டில் அரை விரல் நீளத்துக்கு ஒரு சூட்டுத் தழும்பு. ஏழு வயதில் கரண்டியம்மாவின் வீட்டு அடுப்படியில் ஓடி விளையாடி, சூடான சட்டியில் கையைச் சுட்டுக்கொண்ட குழந்தையின் தழும்பு. அண்ணன் மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாலு, அப்பாவுக்கு ஆகாத கட்சியின் தொழிற்சங்கக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அன்றோடு அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்தினார். தொழிற்சாலை மூடிய இரண்டாவது வாரத்திலிருந்து அந்தத் தழும்புக் கை தினமும் பன்னிரண்டரைக்கு வரும். கரண்டியம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. அரைக் கரண்டி கூடுதலாகப் போடுவாள், அதோடு சரி. தெருவில் அத்தையும் மருமகளும் எதிர்ப்பட்டால் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள்.

கவுன்சிலர் ரெஜிஸ்டரை மூடி வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை தலைவர் வர்றார். சாப்பிட்டவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் போகணும். கூட்டத்துல முதல் பத்து வரிசை அவங்களுக்குத்தான். மேல இருந்து கண்டிப்பாச் சொல்லியாச்சு."

"கடிதத்துல என்ன இருக்கும்?"

"என்ன இருக்கும்? கஷ்ட காலத்துல உங்களுக்குச் சோறு போட்டது யாருன்னு இருக்கும்."

"அது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஞாபகம் இருக்கணுமில்ல."

"நீ கேக்காம இருந்தா ஞாபகம் வெச்சிருப்பாங்க. கேட்டேன்னா அன்னிக்கோட சரி."

அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. இதை நான் போன வாரமும் சொன்னேன், கடிதம் எழுதித் திட்டினீர்கள். இந்தச் சமையல்கூடத்தை இந்த வட்டத்துக்கு வாங்கிவர அவர் எத்தனை அலுவலக வாசலில் கால்கடுக்க நின்றார் என்பது கரண்டியம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அவரிடம் முழுசாகக் கோபப்படவும் அவளால் முடியவில்லை.

"இங்க பாரும்மா. எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தா முதல் வாரமே இதை இழுத்து மூடுவாங்க. சோம்பேறி மடம்னு மேடையிலேயே பேசிட்டாங்க. நான் ஜெயிச்சாத்தான் உன் அடுப்பு எரியும். சாப்பிட்டவங்க போட்டாத்தான் நான் ஜெயிப்பேன். உனக்காகவும் சேர்த்துத்தான் கேக்கறேன்."

"நான் உனக்குத்தான் போடறதா இருக்கேன். அண்ணங்கிறதுக்காக இல்ல. இதைத் திறந்தீங்களே, அதுக்காக. உங்க ஆட்சி செஞ்ச உருப்படியான காரியம் இது ஒண்ணுதான்."

"அப்புறம் என்ன?"

"கடிதம் குடுத்து முதல் வரிசையில உக்கார வெச்சேன்னா அது கெட்டுப்போயிடும்ணே. சாப்பிட்டது அப்ப உடம்புல ஒட்டாது."

"உனக்கு யார் யாருன்னு தெரியும். கையைப் பார்த்தே சொல்லிடுவே. என்கிட்ட மறைக்காதே."

அவள் பருப்புப் பாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பி அடுப்பு சீறியது.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"சொல்லலேன்னா உன்னை எடுத்துட்டு வேற ஆளைப் போடச் சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"போடட்டும். அந்த ஆளுக்குக் கையும் தெரியாது, பாத்திரமும் தெரியாது."

கவுன்சிலர் எழுந்து புது நோட்டைத் தட்டினார். "சரி. நீ சொல்ல வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு ஜன்னல்ல நானே உக்காந்துக்கறேன். வர்றவங்க குனிஞ்சு பேரைச் சொல்லிட்டு வாங்கிட்டுப் போகட்டும்."

கரண்டியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரைக்குத் தழும்புக் கை வரும். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும், ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பன்னிரண்டுக்கு அவர் சொன்னபடியே உட்கார்ந்தார். நோட்டில் கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்தார். பேர். தகப்பன் அல்லது புருஷன் பேர். தெரு. பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டிக்கொண்டார். கரண்டியம்மா அவருக்குப் பக்கத்தில் குண்டானும் கரண்டியுமாக நின்றாள்.

முதல் பாத்திரம் உள்ளே வந்தது. மூடி இல்லாத டிபன் பாக்ஸ்.

"குனிஞ்சு பேரைச் சொல்லுங்க" என்றார் கவுன்சிலர். குரலில் ஓட்டுக் கேட்கும் கனிவு.

டிபன் பாக்ஸ் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பின்னால் போய்விட்டது.

"யாருப்பா அது? பயப்படாதீங்க. நல்லதுக்குத்தான் கேக்கறோம்."

அடுத்து ஒரு சட்டி வந்தது. பாதி வந்ததும் திரும்பிப் போனது. வெளியே கிசுகிசுப்பு. செருப்புகள் நகரும் சத்தம். கால் மணி நேரத்தில் ஜன்னலின் வாயில் வெறும் வெளிச்சம் மட்டும் இருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பன்னிரண்டேகாலுக்குக் குண்டான் நிறைய சோறு அப்படியே இருந்தது.

கரண்டியம்மா குண்டானைப் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் காத்துவந்த பொறுமை அவளுக்குள் அறுந்து விழுந்தது. பயமும் கூடவே போய்விட்டது.

"என்னங்க, வந்து கரண்டியைப் பிடிங்க" என்று புருஷனிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாக வெளியே போனாள்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பஸ்கள் நின்ற பழைய மேடைகளின் நிழலில் ஐம்பது அறுபது பேர். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போனால் அங்கே என்ன இருக்கிறது? பாத்திரங்களை முதுகுக்குப் பின்னாலும் துண்டுக்குள்ளும் மறைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றார்கள். தையற்கடைக்காரர். தொழிற்சாலையில் உப்புக் குறைந்தால் சண்டைக்கு வரும் ஃபோர்மேன். எதிர்க்கட்சிக்குப் போஸ்டர் ஒட்டுகிறவன். எட்டு மாதமாகக் கையாகவே தெரிந்தவர்கள் இன்று முகமாக நின்றார்கள். மூன்றாவது மேடைத் தூணோரமாக வாலுவும் நின்றாள்.

கரண்டியம்மாவைப் பார்த்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பாத்திரத்தை ஏன் மறைக்கறீங்க?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "திருடிட்டா வந்தீங்க? இருபது வருஷம் உங்க சம்பளத்துல வரி பிடிச்சாங்களே, அதுலதான் இந்தப் பருப்பு வாங்கறேன். கடைக்காரன் குடுத்த பில்லு என்கிட்ட இருக்கு, தலைவர் வீட்டுத் தோட்டத்துல விளைஞ்சதுன்னு அதுல எழுதல."

யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"பேரு வேணுமாம். குடுக்கலாம். ஆனா நான் முதல்ல குடுக்கறேன்."

அவள் ஜன்னலுக்கு வந்தாள். தன் ஜன்னலை வெளியிலிருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்பை மடக்கிக் குனிய வேண்டியிருந்தது. பாத்திரத்தை உள்ளே நீட்டுவதற்கே முக்கால்வாசி குனிய வேண்டும். நாற்பத்தாறு வயது முதுகு அவளை ஒரு பாடு திட்டியது. முகத்தை மறைத்தோம், நல்லது செய்தோம் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாளே, ஊரையே தினமும் ஒரு தடவை குனிய வைத்திருக்கிறாள். அவளுக்குச் சுரீர் என்றது. தன்மேலேயே வந்த கோபம் அது. அதையும் சேர்த்து அண்ணன்மேல் இறக்கினாள்.

ஜன்னல் வாயில் முகத்தை நன்றாக நீட்டினாள். "எழுது."

"என்ன விளையாட்டு இது?" என்றார் கவுன்சிலர்.

"தொழிற்சாலை மூடினதுலேர்ந்து நானும் உன் மச்சானும் இந்தச் சோத்துலதான் இருக்கோம். எழுதிக்கோ. ஓட்டு யாருக்குங்கறதையும் பக்கத்துல எழுதிக்கோ. காலைல வரைக்கும் உனக்குத்தான். இப்ப யோசிச்சுச் சொல்றேன்."

அவள் நிமிர்ந்தபோது பின்னால் தையற்கடைக்காரர் நின்றிருந்தார். துண்டுக்குள்ளிருந்து தூக்கை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்க ஜன்னலில் வைத்தார்.

"தையக்கடை. கடைசித் தெரு. ஓட்டு உங்களுக்குத்தான் கவுன்சிலரே. சோத்துக்காக இல்ல. இவ்வளவு கஷ்டத்துலயும் பள்ளிக்கூடத்தை மூடாம வெச்சிருந்தீங்க. கடிதமெல்லாம் வேண்டாம், வீட்ல மாப்பிள்ளை வந்திருக்கார்."

உள்ளேயிருந்து ஃபிட்டர் நாலு கரண்டிக்குப் பதிலாக ஆறு போட்டார். பரிமாறத் தெரியாதவர் கையில் கரண்டி சிக்கினால் அப்படித்தான்.

அடுத்து ஒரு பெண். நீலக் கூஜா. "எழுதுங்க. ரப்பர் அறுக்கற செக்‌ஷன்ல பதினாலு வருஷம். சோறு போட்டீங்க, நல்லது, மறுக்கல. தொழிற்சாலையை மூட விட்டதும் நீங்கதானே? அதையும் அதே கட்டத்துல எழுத இடம் இருக்கா?"

ஃபோர்மேன் குனியும்போது முட்டி சொடக்கென்றது. "உப்பு எப்பவும் குறைச்சல்தான். ஆனாலும் உங்களுக்குத்தான் போடறதா இருந்தேன், வீட்டோட நாலு ஓட்டு. லிஸ்ட்டுன்னீங்க பாருங்க, அப்பவே மனசு விட்டுப்போச்சு."

போஸ்டர்காரன் வந்தான். கையில் இன்னும் பசை காய்ந்திருந்தது. "என்னை மறக்காம எழுதுங்க. தினமும் காலைல உங்க போஸ்டர் மேல எங்க போஸ்டரை ஒட்டிட்டு நேரா இங்க வந்துதான் சாப்பிடறேன். நாளைக்கும் ஒட்டுவேன். நாளைக்கும் வருவேன்."

வரிசை தானாகவே கூடிவிட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள், பேரைச் சொன்னார்கள், மனதில் இருந்ததையும் சொன்னார்கள். போடுவேன் என்றவர்கள் இருந்தார்கள், மாட்டேன் என்றவர்கள் இருந்தார்கள். சாப்பிட்டதை மட்டும் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. கரண்டியம்மா ஜன்னலின் பக்கத்திலேயே நின்றாள். இப்போது அவளுக்கு அண்ணனின் முகம் தெரியவில்லை. நோட்டும், அதன்மேல் பேனா பிடித்த கையும் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கை வேர்த்துக்கொண்டே எழுதியது.

மூன்றாவது மேடையிலிருந்து வாலு நடந்து வந்தாள்.

கரண்டியம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள். சிறு வயதிலேயே சொன்ன பேச்சுக் கேட்காதவள் இப்போதா கேட்கப்போகிறாள்? நேரே வந்து குனிந்தாள்.

"பேரு?" என்றது உள்ளிருந்து குரல். தலை நிமிரவில்லை போலிருக்கிறது.

வாலு பேரைச் சொன்னாள்.

எழுதப்போன கை அந்தரத்தில் நின்றது. பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை நோட்டில் விழுந்து பரவியது.

"எல்லார்கிட்டயும் அடுத்த கட்டமும் கேட்டீங்களே. எனக்குத் தகப்பன் பேரு வேணுமா, புருஷன் பேரு வேணுமா?"

"எத்தனை நாளா வர்றே?" குரல் கவுன்சிலருடையதாக இல்லை.

"மூடின ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"வீட்டுக்கு வந்திருக்கலாமே. நம்ம வீட்ல சோத்துக்கா பஞ்சம்?"

"வந்திருக்கலாம்பா. வந்தா அது நீங்க போடற சோறு. ஒரு வாய் வெக்கறதுக்குள்ள ரெண்டு தடவை சொல்லிக்காட்டுவீங்க. இங்க யாரும் சொல்லிக்காட்டல. என் கையைப் பார்த்தாலே அத்தைக்குத் தெரியும், ஆனா இத்தனை மாசத்துல யாருன்னு கேக்கல. அதனாலதான் தைரியமா வந்தேன். முதல் தடவையா இன்னிக்குத்தான் ஒருத்தர் கேக்கறார்."

உள்ளே இன்னொரு கை வந்து அந்த மைச் சொட்டை விரலால் ஒற்றியது.

"எழுதுங்க. தகப்பன் பேரையே எழுதுங்க. உங்க தலைவர் கடிதம் அந்தப் பேரு போட்டே வரட்டும்."

கரண்டியம்மாவுக்கு அந்தக் கையைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அதற்காக ஒரு வார்த்தைகூடக் குறைத்துக்கொள்ளச் சொல்ல அவளுக்கு மனமில்லை. வாலு பேசியதில் ஒன்றும் கூடுதலில்லை.

பேனா மெதுவாக இறங்கியது. மகள் பேரை எழுதியது. அடுத்த கட்டத்தில், இனிஷியலோடு, தன் பேரை முழுசாக எழுதியது. தெருவை அவர் கேட்கவில்லை. மகள் இருக்கும் தெரு அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதையும் எழுதினார்.

வாலு பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அத்தையிடம் வந்தாள். "இனிமே அரைக் கரண்டி கூடப் போடாதீங்க அத்தை. எல்லாருக்கும் என்னவோ அதுவே போதும்" என்றாள். சொல்லிவிட்டு, அழுகை வருவதற்குள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

இரண்டு மணிக்குக் குண்டான் காலி. கரண்டியம்மா உள்ளே வந்தபோது அண்ணன் நோட்டை மூடி வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தார். மேசைமேல் அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்தார்.

"ம். ரெடிதான்... அறுபத்தி மூணு பேரு... மூணு மணிக்குள்ள வர்றேன்." வைத்தார்.

"குடுக்கப் போறியா?" என்றாள்.

"நீ சொன்னது, போட மாட்டேன்னவங்க சொன்னது எல்லாம் இதுல எழுதியிருக்கேன். பார்த்தா உன்னை இன்னிக்கே எடுத்துடுவாங்க. அது தெரியுதா உனக்கு?" என்றார்.

"குடு, இல்ல கிழிச்சுப் போடு. அது உன் பாடு, நாளைக்கு உன் பொண்ணு முகத்துல முழிக்க வேண்டியவன் நீ. என் பாடு, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு இங்க சோறு. நீ ஜெயிச்சாலும் பன்னிரண்டு மணி, தோத்தாலும் பன்னிரண்டு மணி. மூட வர்றவங்க யாரா இருந்தாலும், இன்னிக்குப் பேரு சொன்ன அறுபத்தி மூணு பேரையும் தாண்டித்தான் உள்ள வரணும். அதையும் உங்க ஆபீஸ்ல சொல்லிடு."

கவுன்சிலர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசலில் கட்சிக் கார் நின்றிருந்தது. அவர் காரில் ஏறவில்லை. கார் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். பிறகு டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். கட்சி அலுவலகம் நடந்துபோகிற தூரத்தில் இல்லை.

அவர் எங்கே போகிறார் என்று கரண்டியம்மா எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனது இளகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னங்க, உங்க ஸ்பேனர், உளி எல்லாம் எங்க இருக்கு? அந்தப் பச்சைக் கண்ணாடியைக் கழட்டுங்க. ஜன்னலையும் நிமிர்ந்து நிக்கற உயரத்துக்கு ஏத்தணும்."

"அரசாங்கக் கட்டடம் அது. கேக்காம கை வெக்கலாமா?" என்றார் ஃபிட்டர். கேட்டுக்கொண்டே கருவிப் பெட்டியையும் எடுத்துவிட்டார்.

"வெக்கலாம். அப்புறம், நாளைக்குப் பத்துப் படி கூடுதலாப் போடணும்."

"இருக்கறவங்களுக்கே சரியாத்தானே இருக்கு. எதுக்குப் பத்துப் படி?"

"இத்தனை நாளா வீட்டுக்கு ஒருத்தர் வந்து கொஞ்சமா வாங்கிட்டுப் போய் வீட்டுக்குள்ள ஒளிச்சுவெச்சுச் சாப்பிட்டாங்க" என்றாள் கரண்டியம்மா, குண்டானைக் கழுவக் கவிழ்த்தபடி. "இன்னிக்கு எல்லாரும் முகத்தைக் காட்டியாச்சு. நாளைக்குக் குடும்பத்தோட இங்கயே வந்து உக்காந்து சாப்பிடுவாங்க."